அடிக்காத நாளுக்கு ஒரு செப்புச் சதம்

அன்று தோட்டக் கிணற்றடியில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: துலா என்ற ஏற்ற மரத்தில் ஏறி மிதித்துக்கொண்டிருந்த கூலியாட்கள் இருவர், கிணற்றுக் கட்டில் நின்று ஓலைப் பட்டை பிடித்துத் தண்ணீர் ஊற்றிய ஐயா (அப்பாவை அப்படித்தான் சொல்வோம்), மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்ற அண்ணை, வரம்பில் குடையும் சப்பாத்துமாக மாமா, தேநீர்ச் செம்போடு அம்மா, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நான். ஏழு பேர். நாய் நின்றதா என்று நினைவில்லை. நின்றிருந்தாலும் ஓடியிருக்கும்.

இதை முதலிலேயே எழுதிவைப்பதற்குக் காரணம் என் பயம்தான். கதவைப் பூட்டினேனோ என்று படுத்த பிறகும் எழும்பிப் போய்த் தடவிப் பார்க்கிறவள் நான். அந்த ஏழு பேரில், எனக்குத் தெரிய, இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். பிழையாகச் சொன்னால் திருத்த ஆளில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளின் எழுத்து இது. என் வயதொத்தவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்துப் பிள்ளைகளின் முதுகுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் நம்புவீர்கள்.

அண்ணை அடிப்பார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், எனக்கு எட்டு. ஏன் அடிக்கிறார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. சோறு பிந்தினால் அடிப்பார், முந்தினாலும் அடிப்பார். சிரட்டை, அகப்பைக் காம்பு, உலக்கை, எது கைக்கு அகப்பட்டதோ அது. என் இடது புருவத்தில் மயிர் முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. அது கருக்கு மட்டை கிழித்தது. பனை மட்டையின் ஓரம் வாள்போல அரிந்துகொண்டு போகும். கண்ணுக்குப் பட்டிருந்தால் என்ற நினைப்பில் இன்றைக்கும் சில நேரம் கையால் அந்தக் கண்ணைப் பொத்திப் பார்ப்பேன். தன் பாயில் ஏறிய முட்டைக் கோழியின் கழுத்தை ஒருநாள் திருகி, அதை அம்மாவின் மடியில் போட்டார். பள்ளிக்கூடத்தில் சிலேட்டால் எறிந்ததில் வாத்தியாரின் காது கிழிந்தது. அன்றோடு பள்ளிக்கூடம் அண்ணையை வேண்டாம் என்றது.

ஐயா அண்ணையை அடிப்பார். எங்கள் வேலி முழுக்கப் பூவரசு. ஐயாவுக்குத் தடிப் பஞ்சம் வந்ததே இல்லை. தடி முறிந்தால் வேலிக்குப் போய் இன்னொன்று முறித்துக்கொண்டு வருவார். அவர் போய் வரும் அந்த இடைவெளியில் அண்ணை ஓடமாட்டார், நின்றுகொண்டிருப்பார். ஒருமுறை புகையிலை உலர்த்தும் குடிலுக்குள் தலைகீழாகக் கட்டி, கீழே தணலில் செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டார் ஐயா. அண்ணை இருமிய இருமல் நாலு வளவுக்குக் கேட்டது. பிறகு இருமல் நின்றது. அம்மா குடிலின் ஓலையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே இழுத்து வந்தபோது அண்ணையின் கண்கள் இரண்டு சிவந்த புண்கள்போல இருந்தன. அடுத்த நாள் காலை அவர் என்னைக் கிணற்றுப் படியில் தள்ளினார்.

அம்மாவுக்கு வேறொரு வைத்தியம் இருந்தது. அண்ணை என் தலைமயிரைப் பிடித்து உலுப்பும்போது அம்மா அடுக்களையிலிருந்து பனங்கட்டித் துண்டோடு ஓடிவருவார். "இந்தா ராசா, விடடா, விடடா" என்று அதை அவர் வாயில் வைப்பார். அண்ணை மயிரை விடாமலே கொஞ்சம் சூப்பிப் பார்ப்பார். இனிப்பு நாக்கில் ஏறியதும் கை தளரும். எனக்குப் பனங்கட்டி தந்ததில்லை. நான் யாருக்கும் அடிக்கவில்லையே.

அந்த வருஷம் புகையிலைக் கன்று நட்ட கையோடு ஐயா ஒரு முடிவுக்கு வந்தார். சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பரிகாரி இருந்தார். விசர் பிடித்தவர்களை மரத்தில் சங்கிலியால் கட்டி, பிரம்பாலும் பச்சைத் தண்ணீராலும் வைத்தியம் செய்கிறவர். ஒரு மண்டலம் வைத்திருப்பார். அங்கே போன சிலர் திரும்பவில்லை என்று ஊர் கதைத்தது. "உவனை அங்கை குடுக்கப்போறன்" என்றார் ஐயா. அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அப்படியான நேரத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. மலாயாவில் றெயில்வேக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். றப்பர் விலை விழுந்து, ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். ஒரு பெரிய டிரங்குப் பெட்டியோடு வந்தார். அதற்குள் காசு இருக்கும் என்று ஐயா நினைத்தார். இருந்ததுதான். ஆனால் எல்லாம் மலாயாச் சல்லி: சதுரமான செப்புச் சதங்கள், மூலை மழுங்கியவை, ஒரு பக்கம் ராசாவின் தலை. எங்கள் ஐந்து சதமும் சதுரம்தான், ஆனால் அது வெள்ளை. இது தேய்த்துவைத்த குத்துவிளக்கின் நிறம். எங்கள் கடைகளில் செல்லாது.

வந்த இரண்டாம் நாளே அண்ணை மாமாவின் மணிக்கட்டில் கடித்தார். ஐயா தடிக்குப் போனார். மாமா கைலேஞ்சியால் கையைச் சுற்றிக்கொண்டு கேட்டார்:

"அத்தான், கோவிக்கப்படாது. உந்தத் தடியாலை எத்தினை வருஷமாய் அடிக்கிறியள்?"

"உவன் நடக்கத் துடங்கின நாள் தொட்டு."

"திருந்தினவனோ?"

ஐயா வெற்றிலையைத் துப்பினார். "அடிச்ச உடனை அடங்கிறான்தானே."

"அப்ப அடி உங்களுக்குத்தான் நல்லாய்ப் பழகிப்போச்சுது. அவனுக்கில்லை."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாமாவுக்குக் கதைக்கத் தொடங்கினால் நிற்பாட்டத் தெரியாது. "மலாயாவிலை குரங்கைப் பழக்கித் தேங்காய் பறிப்பிக்கிறவங்கள். அடிச்சுப் பழக்கினவனை அது இறங்கிவந்து கடிச்சுப்போட்டுப் போகும். பழக்கத் தெரிஞ்சவன் என்ன செய்வான்? முத்தின தேங்காயைத் திருகினால் உடனை ஒரு துண்டு வாழைப்பழம். நாளைக்கில்லை, உடனை! குரும்பட்டியைத் திருகினால் ஒண்டுமில்லை, திரும்பியும் பாரான். இஞ்சை அக்கா என்ன செய்யிறா? அடிச்சால் பனங்கட்டி. அடிக்காட்டில் வெறுவாய். குரங்குக்கே விளங்கிற கணக்கு, உவனுக்கு விளங்காதே?"

"அப்ப என்ரை பிள்ளையைக் குரங்கு எண்டுறீர்" என்றார் ஐயா.

"குரங்கு எண்டாலும் பரவாயில்லை" என்றார் அம்மா. "சங்கிலியிலை போகாமல் இருந்தால் காணும்."

ஐயா பாக்கைச் சீவி வாயில் போட்டார். பிறகு, "புகையிலை வெட்டுமட்டும் தாறன். அதுக்குள்ளை உவன்ரை கை அடங்காட்டில் வண்டில் கட்டுவன். பிறகு ஒருத்தரும் குறுக்கை வரப்படாது" என்றார்.

மாமாவின் ஏற்பாடு இதுதான். அண்ணை அடித்தால் தடியும் இல்லை, பனங்கட்டியும் இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் முதுகைக் காட்டிவிட வேண்டும். காலைக் கஞ்சிக்கும் மத்தியானச் சோற்றுக்கும் இடையில் யாருக்கும் அடிக்காவிட்டால் ஒரு செப்புச் சதம், அந்த இடத்திலேயே. பழகிய பிறகு, பொழுது படும்வரை அடிக்காவிட்டால்தான் ஒன்று. கோபம் வந்தால் வளவுக் கோடியில் நிற்கும் பனையை ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்க வேண்டும்; அதற்கும் உடனே ஒரு சதம். "இறுக்கு. குத்து. கடி. பனைக்கு நோகாது" என்றார் மாமா. நூறு சேர்ந்தால் ஒரு முழு ரூபாய் தருவார். காங்கேசன்துறையில் கோச்சி, அதாவது றெயில், ஏறி யாழ்ப்பாணப் பட்டினம் போய் வரலாம். அண்ணை அதுவரை கோச்சியைத் தூரத்தில் புகையாகத்தான் கண்டிருந்தார்.

இது சுகமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். முதல் கிழமையில் எங்கள் வீட்டில் மண்பானை மிஞ்சவில்லை. யாரும் அடிக்காததும், யாரும் பனங்கட்டி கொண்டு ஓடிவராததும் அண்ணைக்கு விளங்கவில்லை. முன்பு ஒரு அடி அடித்தவர் இப்போது பத்து அடித்தார். அவர் விட்டெறிந்த அம்மிக் குழவி என் காலடியில் விழுந்து மண்ணில் புதைந்தது. அப்படியும் ஒருவரும் திரும்பவில்லை என்று கண்டதும், கிணற்றுக் கட்டில் தன் நெற்றியை மோதத் தொடங்கினார். மோத மோத இரத்தம் மூக்கு வழியாக வாய்க்குள் போனது. அம்மா ஓடப்போனார். மாமா அம்மாவின் இரண்டு கைகளையும் பின்னால் சேர்த்துப் பிடித்தார். அம்மா அவருடைய காலில் உதைத்தார்.

"விடடா தம்பி, பிள்ளை சாகப்போகுது!"

"சாகான். இப்ப நீ போனால் இனித் தலையை உடைச்சால்தான் பனங்கட்டி எண்டு பழகுவான்."

மாமாவின் முகம் வானத்தைப் பார்த்திருந்தது. கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. "இண்டைக்குக் காகம் கனக்கப் பறக்குது" என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு ஒருநாள், என் மேல் ஓங்கிய உலக்கையை அண்ணை கீழே போட்டார். போட்டுவிட்டு ஓடினார். பனையைக் கட்டிப் பிடித்து, கன்னத்தை அதில் வைத்து, மாடு உறுமுவதுபோல உறுமினார். மாமா சப்பாத்துக்கூட இல்லாமல் முட்கள் மேலே ஓடிப்போய், அண்ணையின் கையைப் பிரித்து, உள்ளங்கையில் ஒரு சதுரச் சதத்தை வைத்தார். அண்ணை அதை முகர்ந்து பார்த்தார். நாக்கால் தொட்டுப் பார்த்தார். அன்று முதல் அவருடைய நெஞ்சில் என்றும் பனஞ்செதில் கீறிய கோடுகள் இருந்தன. என் உடம்பில் புதிதாக ஒன்றும் விழவில்லை.

காசுகளை மாமாவின் வெறும் சிகரெட் தகரப் பேணியில் போட்டு, அதைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டார் அண்ணை. அவர் நடந்தால் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஒளிய வேண்டும் என்ற நினைப்பு எனக்கு மெல்ல மெல்லப் போனது.

ஒரு மாலை நடந்ததைச் சொல்லவேண்டும். கஞ்சியில் உப்புக் குறைந்தது என்று ஐயா அம்மாவுக்குத் தடியை ஓங்கினார். என்ன நினைத்தாரோ, ஓங்கிய கை இறங்கியது. தடியைக் கூரை இறப்பில் செருகிவிட்டுக் குந்தினார். அண்ணை எழும்பினார். பேணியைத் திறந்து ஒரு சதத்தை எடுத்தார். ஐயாவின் வெற்றிலைத் தட்டத்தில், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில், சத்தம் வராமல் வைத்தார். ஐயா அதைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். பிறகு அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார். "பாத்தியே அக்கா?" என்று மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஐயாவின் நடையில் அவர் எதையோ கண்டிருக்க வேண்டும்.

புகையிலை வெட்டுக்குக் கொஞ்ச நாளே இருந்தது. அண்ணை தப்பிவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இனி அந்த நாள். அண்ணை பாத்தி பாத்தியாக வாய்க்காலை வெட்டித் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு வரம்பு பொறிந்து விழுந்து, தண்ணீர் முழுக்கப் பக்கத்துக் காணிக்குப் போனது. அந்தக் காணிக்காரனோடு ஐயாவுக்கு வேலி வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போவதென்றாலும் ஐயாவுக்கு இரத்தம் போவதுபோல. பட்டையைக் கிணற்றுக் கட்டில் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"எட நாயே, வேணுமெண்டுதானே உடைச்சனி!"

"நான் உடைக்கேல்லை ஐயா. எலிவளை. வந்து பாருங்கோ."

ஐயா பார்க்கவில்லை. அறைந்த அறையில் அண்ணையின் உதடு வெடித்தது. இரண்டாவது அறை காதில். அண்ணையின் கை மண்வெட்டியை இறுக்கியது. எனக்கு மூத்திரம் போய்விட்டது. ஆனால் அண்ணை மண்வெட்டியைக் கீழே போட்டார். வரம்போரம் நின்ற பனைக்கு நடந்துபோய் அதைக் கட்டிப் பிடித்தார். அவருடைய முதுகு குலுங்கியது.

மாமா அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து கொடுத்திருக்கலாம். ஆனால் உடனே கொடுக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அதோடு, அவர் வெல்லப் பிறந்தவர் அல்ல. வேலை போய், காசில்லாமல், அக்காவின் சோற்றில் இருந்தவர். அன்று அவர் வென்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து செப்புச் சதத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். "பாத்தீங்களோ அத்தான், பாத்தீங்களோ! நீங்கள் அடிச்சியள், அவன் அடிக்கேல்லை. ஆர் இப்ப திருந்தவேணும்?"

துலாவில் நின்ற ஒருவன் சிரித்தான்; மாமாவின் குரங்குக் கதை அதற்குள் ஊருக்கே தெரியும். "மூத்த குரங்குக்கும் ஒரு பழம் குடுங்கோவன்" என்றான்.

ஐயா ஓடினார். பனையில் ஒட்டியிருந்த அண்ணையின் இடுப்பு முடிச்சைப் பிய்த்து, பேணியைக் கிணற்றுக்குள் எறிந்தார். பேணி கல்லில் பட்டுத் திறந்தது. காசுகள் ஒவ்வொன்றாக உள்ளே விழும் சத்தம் கேட்டது. நாங்கள் ஏழு பேரும் அந்தச் சத்தம் முடியும்வரை அசையவில்லை.

அண்ணை பனையை விட்டார்.

மண்வெட்டியின் பிடங்கால், அந்த இரும்பின் பின்பக்கத்தால், முதல் அடி ஐயாவின் முழங்காலில் விழுந்தது. பச்சை மட்டை முறிகிற சத்தம். ஐயா மடிந்து விழுந்தார். இரண்டாவது அடி அதே முழங்காலில். குறுக்கே வந்த மாமாவின் குடை ஒடிந்தது, பிறகு தோள். துலாவில் நின்ற இருவரும் பதறிக் குதிக்க, பாரம் போன துலா ஊஞ்சல்போல எழும்பி விழுந்தது. அம்மா அண்ணையைப் பின்னால் கட்டிப் பிடித்தார். அண்ணை அம்மாவையும் இழுத்துக்கொண்டே ஐயாவை நோக்கிப் போனார். கூலியாட்கள் இருவரும் அவரைச் சேற்றில் அமுக்கி, பட்டைக் கயிற்றை அறுத்துக் கட்டினார்கள். கட்டிய பிறகும் அவருடைய வயிற்றில் உதைத்தார்கள். செந்நிறச் சேற்றில் எது இரத்தம் எது மண் என்று தெரியவில்லை.

"குரங்காட்டி! என்ரை வளவுக்கை காலெடுத்து வைச்சால் வெட்டிப்போடுவன்!" ஐயா கிடந்தபடியே மாமாவைப் பார்த்துக் கத்தினார். மாமா அன்றைக்கே டிரங்குப் பெட்டியோடு கொழும்புக்குப் போனார். அண்ணையை விடியமுன் வண்டிலில் ஏற்றினார்கள்.

அம்மாவும் நானும் ஒரேயொரு முறை, மண்டலம் முடியும் நாட்களில், அங்கே போனோம். வளவு முழுக்க வேம்பு, வேம்புக்கு ஒரு ஆள். ஒருவனுக்குத் தலை மொட்டையடித்து அதன்மேல் எதையோ அரைத்து அப்பியிருந்தார்கள். அவன் ஊளையிட்டபடி இருந்தான். இன்னொருவனுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, அவன் மூச்செடுக்க வாய் திறக்கும்போது பிரம்பால் அடித்தார்கள். அண்ணையின் கணுக்காலில் சங்கிலி தின்ற இடத்தில் ஈ மொய்த்தது. முதுகில் தோல் என்று சொல்ல அதிகம் இல்லை. பரிகாரி அம்மாவிடம், "பிரம்பு வேலை செய்யுது. இப்ப கை ஓங்கிறேல்லை" என்றார்.

அம்மா பரிகாரியோடு கதைக்கப் போன நேரம் அண்ணை என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"பிள்ளை, மாமா எங்கை?"

"கொழும்புக்குப் போட்டார்."

"வந்தால் சொல்லு. நான் இஞ்சை ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. முதல் ரண்டு நாளையும் கழிச்சுப்போடு, ஒருத்தனைக் கடிச்சுப்போட்டன். மற்றதெல்லாம் கணக்கு. கிணத்துக்கை போனதை விடு, அது வேறை."

எனக்கு அழுகை வந்தது. அண்ணை வேம்பைத் தட்டிக் காட்டினார். "கட்டிப் பிடிக்க ஓடவேண்டிய வேலையும் இல்லை. இவங்களே மரத்தோடை கட்டி விட்டிருக்கிறாங்கள்" என்று சொல்லிச் சிரித்தார். முன்பற்கள் இரண்டும் இல்லை.

மண்டலம் முடிந்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் ஒருவருக்கும், ஒரு கோழிக்குக்கூட, அடிக்கவில்லை. ஊர் பரிகாரியைப் புகழ்ந்தது. பிரம்பின் புகழைக் கேட்டு எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகளை வண்டிலில் ஏற்றினார்கள். அதில் ஒன்று திரும்பவில்லை. அண்ணை எதனால் அடங்கினார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வயதுப் பெட்டையிடம் கேட்பார் யார்?

ஐயாவின் கால் கூடவில்லை. அவரைத் தாங்கி நடக்க ஆள் வேண்டும் என்று என் பள்ளிக்கூடத்தை நிற்பாட்டினார்கள். கைத்தடி எட்டிய தூரத்துக்கு அவர் சாகும்வரை அடித்தார். எட்டாத தூரம் எது என்று எனக்கு இன்றும் கண்ணால் அளக்கத் தெரியும். அவர் கை ஓங்காமல் இருந்த நாட்களும் இருந்திருக்கும். அவற்றுக்கு அவருக்கு ஒருவரும் ஒன்றும் கொடுத்ததில்லை, அந்த ஒரு மாலையைத் தவிர.

ஐயா செத்த பிறகு அவருடைய கொட்டைப்பெட்டியை அவிழ்த்தேன். பனையோலையில் இழைத்த அந்தச் சின்னப் பெட்டிக்குள், காய்ந்த பாக்குச் சீவலுக்கு அடியில், அந்தச் சதுரச் சதம் இருந்தது. விரல் பட்டுப் பட்டு ராசாவின் மூக்குத் தேய்ந்திருந்தது. அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இது ஐயாவுக்குக் குடுத்தது. என்ரை கணக்கிலை வராது."

மாமாவுக்கு வேலை திரும்பக் கிடைத்து மலாயாவுக்கே போய்விட்டார் என்று ஒரு கடிதம் வந்தது. அதில் அண்ணையைப் பற்றிக் கேட்டிருந்தார். பதில் எழுத ஐயா விடவில்லை. பிறகு யப்பான்காரன் அங்கே இறங்கியதோடு கடிதம் நின்றது. மாமா என்னவானார் என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணை கல்யாணம் செய்யவில்லை. துலா மிதித்தார், தண்ணீர் கட்டினார், கோச்சியில் ஒருநாளும் ஏறவில்லை. தபாற்காரன் வேலிப் படலையைத் தாண்டிப் போனால் எழும்பி நின்று பார்ப்பார். போன மாசியில், சாகக் கிடந்து பேச்சு விழுவதற்கு முதல் நாள், என்னைக் கூப்பிட்டு, "முதல் ரண்டு நாளையும் கழிச்சனியோ?" என்று கேட்டார். கழித்தேன் என்றேன்.

மண்டலம் நாற்பத்தெட்டு நாள். இரண்டைக் கழித்தால், மாமா அண்ணைக்கு இன்னும் தரவேண்டியது நாற்பத்தாறு சதம்.